தத்தெடுத்தால் குடும்பம் கிடைக்கும், குடியுரிமை கிடைக்குமா?

உறவுக்காரப் பிள்ளையைத் தத்தெடுப்பது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. அண்ணன் பிள்ளையைச் சித்தப்பா வளர்ப்பார், தங்கை பிள்ளையைப் பெரியம்மா வளர்ப்பார். பெரியவங்க இதை 'சுவீகாரம்' என்பார்கள். ஆனால் எடுத்து வளர்க்க நினைக்கும் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை இல்லை என்றால் என்ன செய்வது? தமிழ்நாட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களைச் சுற்றியுள்ள பல குடும்பங்களுக்கு இது நிஜமான கேள்வி.

1983 முதல் இலங்கையிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்கள் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். பலர் திரும்பிப் போனார்கள். 2021இல் சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட கணக்குப்படி 108 முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும், முகாம்களுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு சுமார் 34 ஆயிரம் பேரும் வசித்தார்கள். இவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள். இங்கேயே கல்யாணம் செய்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்கள். அதனால் ஒரே குடும்பத்துக்குள் ஒருவர் இந்தியக் குடிமகளாகவும் இன்னொருவர் குடியுரிமை இல்லாதவராகவும் இருக்க முடியும். எப்படி என்று பார்ப்போம்.

ஒரே வீடு, இரண்டு விதி

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 1984இல் வந்த ஒரு தம்பதிக்கு முகாமில் இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவர் பிறந்தது 1986. இளையவர் பிறந்தது 1989. மூத்தவர் திருச்சியைச் சேர்ந்த ஒருவரைக் கல்யாணம் செய்து நகரில் வசிக்கிறார், ஒரு மகன் இருக்கிறான். இளையவர் முகாமிலேயே கல்யாணம் செய்துகொண்டார். அவருக்கு 8 வயதில் ஒரு மகள். கணவர் இறந்துவிட்டார், இவருக்கும் உடம்பு சரியில்லை. "அக்கா, பிள்ளையை நீயே எடுத்துக்கோ. உன் பிள்ளையா எழுதி வச்சிட்டா அவளுக்கு ஒரு நாடாவது கிடைக்கும்" என்கிறார் தங்கை.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கல் இருக்கிறது. குடியுரிமைச் சட்டம் 1955இன் 3ஆம் பிரிவு, இந்தியாவில் பிறந்தவர்களை மூன்று காலமாகப் பிரிக்கிறது.

• 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை பிறந்தவர்கள்: இந்தியாவில் பிறந்திருந்தாலே போதும், குடிமக்கள்தான். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு.

• 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்கள்: பிறக்கும்போது அப்பா, அம்மா இருவரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.

• 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர்கள்: பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

இப்போது நம் உதாரணத்துக்கு வருவோம். 1986இல் பிறந்த அக்கா பிறப்பாலேயே இந்தியக் குடிமகள். 1989இல் பிறந்த தங்கைக்கு அந்த உரிமை இல்லை, காரணம் அவருடைய பெற்றோர் இருவரும் இலங்கைக் குடிமக்கள். தங்கையின் மகள் 2004க்குப் பின் பிறந்தவள், பெற்றோரில் யாரும் இந்தியக் குடிமக்கள் இல்லை. அவளுக்கும் இல்லை. அக்காவின் மகனுக்கு மட்டும் உண்டு. ஒரே தாத்தா பாட்டியின் இரண்டு பேரப்பிள்ளைகளின் நிலை இப்படிப் பிரிகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்ட வழக்கில், அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள் என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் செலுத்தினார். உங்கள் குடும்பத்தில் 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர்கள் இருந்தால், முதலில் அவர்களுடைய பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். குடியுரிமை பற்றிய எந்தப் பேச்சுக்கும் அதுதான் தொடக்கம்.

தத்துக்கு எந்தச் சட்டம்?

உறவினர் பிள்ளையைத் தத்தெடுக்க இந்தியாவில் இரண்டு முக்கிய வழிகள் உள்ளன.

முதல் வழி: இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956

தத்து எடுப்பவரும் குழந்தையும் இந்துவாக இருந்தால் இந்த வழி பொருந்தும். பௌத்தர், சமணர், சீக்கியரும் இதில் அடக்கம். தத்துப் போகும் குழந்தைக்கான தகுதிகளை 10ஆம் பிரிவு சொல்கிறது: ஏற்கெனவே தத்துப் போயிருக்கக் கூடாது, திருமணம் ஆகியிருக்கக் கூடாது, 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. கடைசி இரண்டுக்கும் சாதி, சமூக வழக்கத்தைப் பொறுத்து விதிவிலக்கு உண்டு. இந்தியக் குடியுரிமை வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் எழுதப்படவில்லை.

இன்னும் சில நிபந்தனைகளைக் கவனியுங்கள். மகளைத் தத்தெடுக்க வேண்டுமானால், எடுப்பவருக்கு ஏற்கெனவே மகளோ மகன் வழிப் பேத்தியோ உயிரோடு இருக்கக் கூடாது. மகனைத் தத்தெடுப்பதற்கும் இதே மாதிரி விதி உண்டு. நம் உதாரணத்தில் அக்காவுக்கு மகன் மட்டுமே இருப்பதால் தங்கை மகளைத் தத்தெடுக்கத் தடையில்லை. ஒரு மகள் இருந்திருந்தால் இந்த வழி மூடியிருக்கும். ஆண் ஒருவர் பெண் குழந்தையையோ, பெண் ஒருவர் ஆண் குழந்தையையோ தத்தெடுத்தால் இருவருக்கும் குறைந்தது 21 வயது வித்தியாசம் வேண்டும். தத்தெடுக்கும் கணவருக்கு மனைவியின் சம்மதமும், மனைவிக்குக் கணவரின் சம்மதமும் தேவை. குழந்தையைக் கொடுப்பதும் அப்படித்தான்: அப்பா, அம்மா இருவரும் இருந்தால் ஒருவர் மற்றவரின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டும். இங்கே கணவர் இறந்துவிட்டதால் தாய் தனியாகவே கொடுக்கலாம்.

தத்த ஹோமம் கட்டாயமில்லை. ஆனால் குழந்தையைக் 'கொடுத்து வாங்குதல்' நிஜமாக நடந்திருக்க வேண்டும். பத்திரம் அதற்கான ஆதாரம்தான். சார்பதிவாளர் அலுவலகத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிவு செய்தால், 16ஆம் பிரிவின்படி அந்தத் தத்து முறையாக நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மாறாக யாராவது நிரூபித்தால்தான் நிலைமை மாறும். அதனால் பதிவு செய்வது நல்லது.

இரண்டாவது வழி: இளைஞர் நீதிச் சட்டம் 2015

எந்த மதத்தவரும் இந்த வழியில் தத்தெடுக்கலாம். முகாம்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் நிறைய இருப்பதால் இது முக்கியம். மதம் பார்க்காமல், இதற்கு முந்தைய இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கும் உரிமையை 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆனால் இங்கே 'உறவினர்' யார் என்பதற்கு எல்லை உண்டு. அப்பாவின் உடன்பிறந்தவர்கள், அம்மாவின் உடன்பிறந்தவர்கள், இரு பக்கத் தாத்தா பாட்டி ஆகியோர்தான் உறவினர். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமா, பெரியப்பா, சித்தப்பா எல்லாம் வருவார்கள். அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா வரமாட்டார்.

நடைமுறை இதுதான். மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா'வின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பெற்ற தாய் தந்தையின் சம்மதம் வேண்டும். அவர்கள் இல்லை என்றாலோ, சம்மதம் தரும் நிலையில் இல்லை என்றாலோ குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். குழந்தைக்கு 5 வயதோ அதற்கு மேலோ என்றால் அதன் சம்மதமும் வேண்டும். நம் உதாரணத்தில் 8 வயதுப் பெண்ணிடம் கட்டாயம் கேட்கப்படும். பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாவட்ட ஆட்சியரிடம் மனு போகும். முன்பு நீதிமன்றம் தந்த தத்து ஆணையை, 2021ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஆட்சியரே தருகிறார். மனு கொடுத்த 2 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். தத்தெடுப்போருக்கு வழக்கமாக உள்ள வயது வரம்பு உறவினர் தத்துக்குப் பொருந்தாது.

இரண்டில் எந்த வழியாக இருந்தாலும், பாதுகாப்பு அலகின் அலுவலரிடம் முதல் நாளே குழந்தையின் நிலையை எழுத்தில் சொல்லிவிடுங்கள்: 'இந்தக் குழந்தை இலங்கைத் தமிழர் முகாமில் பதிவு பெற்றது, இந்தியக் குடியுரிமை இல்லை.' பாதி வழியில் தெரியவந்தால் மனு நிற்கும், சந்தேகமும் வரும்.

தத்துப் பத்திரம் கையில் இருக்கு, அடுத்து?

இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'இந்தியரின் பிள்ளை ஆகிவிட்டாள், அப்போ இந்தியர்தானே' என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

தத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தத்தெடுத்த நாளிலிருந்து அந்தக் குழந்தை தத்துப் பெற்றோரின் குழந்தை என்கிறது. 'தத்தெடுத்த நாளிலிருந்து' என்ற சொற்களைக் கவனியுங்கள். பிறப்பால் வரும் குடியுரிமையோ, பிறந்த நாளில் பெற்றோர் யாராக இருந்தார்கள் என்று கேட்கிறது. 8 வருஷம் கழித்து எழுதிய பத்திரம் அந்தப் பிறந்த நாளுக்குப் பின்னோக்கிப் போகாது. அதனால் தத்து முடிந்த மறுநாளும் அந்தப் பெண் சட்டத்தின் கண்ணில் குடியுரிமை இல்லாதவள்தான். அக்காவின் சொத்தில் பங்கு உண்டு, அவர் வீட்டில் எல்லா உரிமையும் உண்டு. பாஸ்போர்ட்டும் வாக்கும் மட்டும் தானாக வராது.

குடியுரிமைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு இரண்டு பிரிவுகளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

5(1)(ஈ) பிரிவு: இந்தியக் குடிமக்களின் மைனர் பிள்ளைகளைப் பதிவின் மூலம் குடிமக்களாக்கலாம். ஆனால் 5(1) பிரிவு முழுவதுக்கும் ஒரு முன் நிபந்தனை இருக்கிறது. விண்ணப்பிப்பவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. உரிய பாஸ்போர்ட், பயண ஆவணம் இல்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்த வெளிநாட்டவரையும், அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியவரையும் சட்டம் இப்படி அழைக்கிறது. படகில் வந்த தாத்தா பாட்டிக்கு இந்த வரையறை பொருந்தலாம். முகாமில் பிறந்த குழந்தை எங்கிருந்தும் 'நுழையவில்லை'. இந்த வாதத்தை மனுவில் தெளிவாக எழுதலாம், எழுதவும் வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் ஒன்றிய அரசின் கையில்.

5(4) பிரிவு: சிறப்புச் சூழ்நிலை இருப்பதாக ஒன்றிய அரசு கருதினால், எந்த மைனரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம். சட்டம் இங்கே 'எந்த மைனரையும்' என்றே சொல்கிறது. தந்தை இல்லை, தாய் நோயாளி, வளர்ப்பவர் இந்தியக் குடிமகள், குழந்தை பிறந்ததும் படிப்பதும் இங்கே. இந்த மாதிரிக் குடும்பம் தன் சூழ்நிலையை விவரித்து இந்தப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தை ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் நிரப்ப வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் விசாரித்து, மாநில அரசு வழியாக டெல்லிக்கு அனுப்பும். கேட்கப்படும் ஆவணங்களில் வெளிநாட்டு பாஸ்போர்ட்டும் தங்கும் அனுமதியும் இருக்கும். முகாமில் பிறந்த குழந்தையிடம் பெரும்பாலும் இரண்டும் இருக்காது. 'இல்லை' என்று விட்டுவிடாமல், ஏன் இல்லை என்று ஒரு விளக்கக் கடிதமும், முகாம் பதிவுச் சான்றும் இணையுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு செய்திகளை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 2019ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களைப் பற்றியது. இலங்கை அதில் இல்லை. அடுத்தது, 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட விலக்கு ஆணை. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா வேண்டும் என்ற விதியிலிருந்து அது விலக்கு தருகிறது. ஆவணம் இல்லை என்ற பயத்தை இது குறைக்கிறது. ஆனால் இது குடியுரிமை ஆணை அல்ல.

இரண்டு கடிகாரம் ஓடுது

இந்த விஷயத்தில் வயதுதான் மிக முக்கியம். இந்து தத்துச் சட்டத்தின் வழி பொதுவாக 15 வயதோடு முடிகிறது. மைனர் என்ற தகுதியில் குடியுரிமை கேட்கும் வழி 18 வயதோடு முடிகிறது. 8 வயதில் தத்தெடுத்தால் 10 வருஷம் கையில் இருக்கிறது. 14 வயதில் தத்தெடுத்துவிட்டு, 'காலேஜ் சேரும்போது பார்த்துக்கலாம்' என்று இருந்தால் கதவு மூடிவிடும்.

தத்து முடிந்ததும் குடியுரிமைக் காகிதத்தை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பாடம் இருக்கிறது. 1979இல் தென்கொரியாவிலிருந்து ஒரு சிறுவன் அமெரிக்காவுக்குத் தத்துப் போனான். வளர்த்தவர்கள் யாரும் அவனுக்குக் குடியுரிமை வாங்கவில்லை. தத்துப் பிள்ளைகளுக்குத் தானாகக் குடியுரிமை தரும் சட்டம் அங்கே 2000இல் வந்தது. ஆனால் அது அமலுக்கு வந்த 2001 பிப்ரவரியில் 18 வயது தாண்டியவர்களுக்குப் பொருந்தவில்லை. அவரும் தாண்டியிருந்தார். பின்னாளில் அவர் குற்ற வழக்குகளில் தண்டனை பெற்றார், குடிமகன் இல்லாததால் அது நாடு கடத்தலுக்குக் காரணமானது. 2016இல், மொழியே தெரியாத தென்கொரியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிறுவயதில் ஒரு விண்ணப்பம் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

கொடுத்த பின் திரும்ப வாங்க முடியாது

இதைப் பெற்ற தாயிடம் உட்கார்ந்து பேசிச் சொல்ல வேண்டும். முறையாக நடந்த தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது என்கிறது 15ஆம் பிரிவு. தத்துப் பெற்றோரும் விலக முடியாது, பிள்ளையும் பழைய குடும்பத்துக்குத் திரும்ப முடியாது. அந்த நாளிலிருந்து சட்டப்படி அம்மா என்றால் அக்காதான், பெற்றவர் சித்தி முறை ஆகிறார்.

அதன் விளைவுகளை யோசியுங்கள். நாளைக்குத் தாயின் உடம்பு தேறி, இலங்கைக்குத் திரும்ப நினைத்தால் மகளைத் தன் பிள்ளையாக அழைத்துப் போக முடியாது. முகாம் குடும்பங்களுக்கு எதிர்காலத்தில் ஏதாவது தீர்வு வந்தாலும், இந்தப் பெண்ணின் காகிதம் வேறு குடும்பத்தில் இருக்கும். குடியுரிமைக்காக மட்டும் தத்து கொடுத்து, அந்தக் குடியுரிமையும் வராமல் போனால், தாய்க்கு மகளும் இல்லை, மகளுக்கு நாடும் இல்லை என்று ஆகிவிடும்.

அதனால் ஒரு கேள்வியைக் குடும்பமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: 'குடியுரிமை கிடைக்கவே கிடைக்காது என்று வைத்துக்கொண்டாலும், இந்தப் பிள்ளையைத் தத்து கொடுப்போமா, எடுப்போமா?' ஆமாம் என்றால் தத்தெடுங்கள். இல்லை என்றால் கீழே உள்ள வழியைப் பாருங்கள்.

பாதுகாவலர் ஆகலாம்

தாய் உறவை வெட்டாமல் பிள்ளையை வளர்க்க, 1890ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தை அணுகலாம். குடும்ப நல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கேயும், இல்லாத ஊரில் மாவட்ட நீதிமன்றத்திலும் மனு செய்ய வேண்டும். குழந்தையின் நலனைத்தான் நீதிபதி முதலில் பார்ப்பார். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார். பள்ளியில் கையெழுத்துப் போடுவது, ஆஸ்பத்திரியில் சம்மதம் தருவது போன்ற அன்றாட விஷயங்களுக்கு இந்த ஆணை போதும். 18 வயதோடு முடிந்துவிடும். சொத்துரிமை மாறாது, அம்மா அம்மாவாகவே இருப்பார். தாயின் உடம்பு தேற வாய்ப்பிருக்கும்போது, பல குடும்பங்களுக்கு இதுவே பொருத்தமான வழி.

தயாராக வைக்க வேண்டியவை

1. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். இந்தியாவில் நடக்கும் எல்லாப் பிறப்பும், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பதிவு செய்யப்பட வேண்டும். விடுபட்டிருந்தால் தாமதப் பதிவுக்கு உடனே விண்ணப்பியுங்கள்.

2. முகாம் பதிவு. தாய், குழந்தை இருவரின் அடையாள அட்டை, குடும்பப் பதிவு நகல். பிள்ளை முகாமை விட்டு உறவினர் வீட்டுக்கு வருவதற்கு முன் முகாம் வருவாய் அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து அனுமதி பெறுங்கள். முகாமுக்கு வெளியே வசிப்பவர்கள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும். மாதாந்திர உதவித்தொகை முகாம் பதிவை வைத்து வருவது. 2021 அறிவிப்புப்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், சிறுவர்களுக்கு 500 ரூபாய். பெயர் மாறினால் இதுவும் மாறும் என்பதை முன்கூட்டியே கணக்கில் எடுங்கள்.

3. தந்தையின் இறப்புச் சான்றிதழ், தாயின் மருத்துவ ஆவணங்கள்.

4. தத்தெடுப்பவரின் குடியுரிமைக்கான ஆதாரம். 1987க்கு முன் பிறந்த சான்றிதழ், பாஸ்போர்ட் போன்றவை.

5. இலங்கைத் தூதரகப் பதிவு. இலங்கைக்கு வெளியே இலங்கைக் குடிமக்களுக்குப் பிறந்த பிள்ளையை, அந்நாட்டுச் சட்டப்படி பதிவு செய்தால்தான் இலங்கைக் குடியுரிமை கிடைக்கும். சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். தாமதமானாலும் வழி உண்டு. 'இந்தியக் குடியுரிமை கேட்கப் போறோம், அது எதுக்கு?' என்று விடாதீர்கள். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்ற நாடற்ற நிலை பிள்ளைக்கு வரக் கூடாது. பெற்ற தாயின் பெயரில் இருக்கும் காகிதங்கள் கையில் உள்ளபோதே, அதாவது தத்துக்கு முன்பே, இதை முடிப்பது எளிது.

அடிக்கடி வரும் கேள்விகள்

ஆதார் இருந்தால் குடியுரிமை இருக்கிறது என்று அர்த்தமா?
இல்லை. ஆதார் இங்கே வசிப்பதற்கான அடையாளம். குடியுரிமைச் சான்று ஆகாது. இப்போது தரப்படும் பிறப்புச் சான்றிதழும் தனியாகக் குடியுரிமையை நிரூபிக்காது.

பிறப்புச் சான்றிதழில் நேரடியாகப் பெரியம்மா பெயரையே அம்மா என்று போட்டுவிடலாமா?
கூடவே கூடாது. பிறக்கும்போதே உறவினர் பெயரில் ஆஸ்பத்திரிப் பதிவு செய்வது பொய்ப் பதிவு. முறையான தத்துப் பத்திரமோ ஆணையோ கிடைத்த பிறகு, அதைக் காட்டி பிறப்பு, இறப்புப் பதிவாளரிடம் விண்ணப்பிப்பதுதான் சரியான வழி.

பள்ளி விண்ணப்பத்தில் 'தேசியம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது?
உள்ளதை எழுதுங்கள். 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உரிமை உண்டு, அதற்குக் குடியுரிமை நிபந்தனை இல்லை. குடியுரிமை தொடர்பாகத் தெரிந்தே பொய்த் தகவல் தந்தால் 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம் என்கிறது குடியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு. அவசரத்தில் எழுதிய ஒரு சொல், பிறகு உண்மையான விண்ணப்பத்தையே கெடுத்துவிடும்.

'எல்லாத்தையும் முடிச்சுத் தர்றேன்' என்று இடைத்தரகர் பணம் கேட்கிறார்.
கொடுக்காதீர்கள். தத்துக்காகப் பணமோ பரிசோ கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். தத்துச் சட்டத்தில் 6 மாதம் வரை சிறை உண்டு. குழந்தையை விற்றது, வாங்கியது என்று ஆனால், இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் 5 ஆண்டு வரை கடுங்காவல்.

வெளிநாட்டில் குடியுரிமை பெற்ற சித்தப்பா தத்தெடுத்தால் பிள்ளையை அங்கே அழைத்துப் போகலாமா?
அது காரா வழியாக நடக்க வேண்டிய நாடு கடந்த தத்து. அதோடு, போகும் நாட்டின் குடியேற்றச் சட்டமும் ஒப்புக்கொள்ள வேண்டும். உதாரணமாக, உறவினர் தத்தின் அடிப்படையில் விசா தர, பொதுவாக 16 வயதுக்கு முன் தத்தும், 2 ஆண்டு சட்டப்படியான பொறுப்பும், 2 ஆண்டு சேர்ந்து வசித்ததும் அமெரிக்கா கேட்கிறது. அங்கேயும் தத்து ஒரு காகிதம், குடியேற்ற அனுமதி இன்னொரு காகிதம்.

யாரை அணுகலாம்?

தத்து, குழந்தைகள் நலக் குழு தொடர்பாக: உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. குழந்தை உதவி எண் 1098.

வழக்கறிஞர் உதவிக்கு: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100. தத்துப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே ஒரு முறை இங்கே போய்வருவது நல்லது.

முகாம் பதிவு, இடமாற்றம் தொடர்பாக: முகாம் வருவாய் அலுவலர், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மறுவாழ்வுப் பிரிவு.

குடியுரிமை விண்ணப்பம் தொடர்பாக: மாவட்ட ஆட்சியர் அலுவலகம். இணையத்தில் நிரப்பிய பிறகு அச்சுப் பிரதியையும் ஆவண நகல்களையும் இங்கே ஒப்படைத்து, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 மாதத்துக்கு ஒருமுறை நிலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். பிள்ளையின் 18ஆவது பிறந்தநாள் தேதியை அந்த மனுக் கோப்பின் மேலேயே பெரிதாக எழுதி வையுங்கள்.